டஸ்கனிப் படங்களுக்கு இன்ஸ்டாகிராமா, ஃப்ளிக்கரா?

இத்தாலியின் டஸ்கனியில் எடுத்த படங்களை நான் ஃப்ளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில்தான் ஏற்றினேன். இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தால் இன்னும் பலர் பார்த்திருப்பார்கள். சொந்தக்காரர்கள், நண்பர்கள், கூட வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் இருப்பது அங்கேதான், காசும் செலவில்லை. இதெல்லாம் தெரிந்த விஷயம். நான் ஃப்ளிக்கர் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் அந்த நிலத்தின் அமைப்பு.

நான் சொல்வது சியெனா நகருக்குத் தெற்கே இருக்கும் வால் டோர்ச்சா பள்ளத்தாக்கைப் பற்றி. 2004-இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. தானாக அமைந்த அழகு அல்ல இது. 14, 15ஆம் நூற்றாண்டுகளில் சியெனா நகர அரசு, நல்லாட்சி என்றால் நிலம் இப்படி இருக்க வேண்டும் என்று திட்டமிட்டுத் திருத்திய விவசாய பூமி. தெற்கே 1,738 மீட்டர் உயரத்தில் அமியாட்டா மலை நிற்கிறது. மற்றபடி கண்ணில் படுவதெல்லாம் படுக்கைவாட்டம்தான்: ஒரு கோதுமை மேட்டுக்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் ஒன்று. தொலைவில், மேட்டின் முதுகில் சைப்ரஸ் மரங்கள் சீப்பின் பற்களைப் போல வரிசையாக நிற்கும். அந்த அடுக்குகளும் அந்தச் சின்ன மரங்களும் தெரிந்தால்தான் அது வால் டோர்ச்சா. தெரியாவிட்டால் வெறும் பச்சை மேடு.

இனி கணக்கைப் பாருங்கள். 24 மெகாபிக்சல் கேமராவில் எடுத்த படம் 6000-க்கு 4000 பிக்சல். இன்ஸ்டாகிராம் அதை 1080 அகலத்துக்குச் சுருக்குகிறது. உயரம் 720 ஆகிவிடும். ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். விரலால் பெரிதாக்கிப் பார்த்தாலும் இல்லாத விவரம் வராது. ஃப்ளிக்கரோ படத்தை ஏற்றிய அளவிலேயே வைத்துக்கொள்கிறது. சான் குவிரிகோ அருகே உள்ள பெல்வெதேரே பண்ணை வீட்டை விடியலில் எடுத்தால், பள்ளத்தில் மூடுபனியும் மேட்டில் வீடும் சைப்ரஸ் வரிசையும் வரும். கைப்பேசித் திரையில் குறுக்கே கிடக்கும் படத்தில் அந்த வீடு ஒரு புள்ளி.

சரி, திரையை நிறைக்க நெட்டுவாக்கில் 4:5 அளவுக்கு வெட்டலாமே என்றால், 6000 அகலத்தில் 3200 மட்டுமே நிற்கும். கிட்டத்தட்ட பாதி நிலம் போய்விடும், அதுவும் பக்கவாட்டில், எது அந்த ஊரின் உயிரோ அந்தப் பக்கத்தில். அகலப் படத்தைத் துண்டு போட்டு அடுத்தடுத்துத் தள்ளிப் பார்க்க வைக்கும் உத்தி இருக்கிறது. செய்து பார்த்தேன், எனக்கு ஒட்டவில்லை. மலைத்தொடரை ஒரே மூச்சில் பார்ப்பது வேறு.

மோன்திக்கியெல்லோவுக்கு ஏறும் வளைந்து வளைந்த சைப்ரஸ் சாலை, பியென்சாவின் குறுகிய சந்துகள் போன்றவை நெட்டுப் படங்கள். அவற்றுக்கு இன்ஸ்டாகிராம் நன்றாகவே பொருந்துகிறது.

ஃப்ளிக்கரில் இன்னொரு உதவி, எடுத்த தேதியும் லென்ஸ் விவரமும் படத்தின் கீழே தெரிவது. நாம் மறைக்காதவரை. வால் டோர்ச்சாவுக்குக் கிளம்புபவருக்கு இது பெரிய விஷயம். ஏப்ரல், மே மாதங்களில் பச்சைக் கோதுமை. ஜூலையில் அறுத்த தாள் பொன்னிறத்தில் கிடக்கும். இலையுதிர் காலத்தில் உழுத களிமண், பழுப்பும் சாம்பலும். ஒரே இடம், மூன்று வேறு ஊர்கள். தேதி தெரியாத படத்தை நம்பி ஆகஸ்டில் பச்சையைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான்.

செலவைச் சொல்லாமல் விடக்கூடாது. 2018-இல் ஸ்மக்மக் நிறுவனம் ஃப்ளிக்கரை வாங்கிய பிறகு இலவசக் கணக்குக்கு 1,000 படம் என்று வரம்பு வந்தது. இலவசக் கணக்கில் உள்ள படங்களைப் பெரிய அளவில் பதிவிறக்கவும் 2025 முதல் தடை. ஆகவே நான் மேலே சொன்ன நன்மை முழுதாக வேண்டுமென்றால் சந்தா கட்ட வேண்டும். நான் கட்டுகிறேன். பல வருடம் தொடர்ந்து கட்டுவது எப்படி இருக்கும் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. அசல் கோப்புகளைத் தனி ஹார்ட் டிஸ்கில் வைத்திருப்பது எப்படியும் நல்லது. வருடத்துக்கு ஒரு பயணம், இருபது முப்பது படம் என்பவருக்கு இலவசக் கணக்கே போதும்.

எங்கே ஏற்றினாலும் ஒரு வேண்டுகோள். சாலையோரத்திலிருந்து எடுத்த படத்துக்கு இடக்குறி போடுங்கள்; பின்னால் வருபவருக்கு உதவும். பண்ணை வீட்டு முற்றமோ வயலின் நடுப்பகுதியோ என்றால் போடாதீர்கள். அது யாரோ உழுது பயிரிடும் நிலம். குறியைப் பார்த்து வருபவர்கள் மிதிப்பது முளைத்த கோதுமையை. ஃப்ளிக்கரில் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக இடத்தை மறைக்கலாம். இன்ஸ்டாகிராமில் ஊர்ப் பெயரை மட்டும் போட்டு நிறுத்திக்கொள்ளலாம்.