வலிகாமத்து வாசிகசாலை ஒன்றின் சனிக்கிழமைக் கதை நேரம்: ஒரு மதிப்பீடு

பிள்ளைக்கு வாசிப்பில் விருப்பம் உண்டாக என்ன செய்யலாம் என்று தேடும் பெற்றோர், யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் பயிற்சிநூல் விற்கும் கடையிலோ தனியார் கல்வி நிலையத்தின் வாசலிலோதான் போய் நிற்கின்றனர். அவ்விரண்டும் அல்லாத ஓர் ஏற்பாட்டை வலிகாமத்தில் ஒரு கிராமத்துச் சனசமூக நிலையம் தன் வாசிகசாலையில் நடத்தி வருகிறது. சனிக்கிழமை பிற்பகல்களில், தரம் 1 முதல் தரம் 5 வரையான பிள்ளைகளுக்குக் கதை சொல்வதும், கதை வாசித்துக் காட்டுவதும், நூல்களை இரவல் கொடுப்பதும் அங்கு நடைபெறுகின்றன. மண்டபத்தில் முப்பது பிள்ளைகளுக்கு மேல் இருத்த இடமில்லை என்பதால் நிலையத்தின் பெயரை வெளியிட வேண்டாம் எனச் செயற்குழுவினர் கேட்டுக்கொண்டனர். சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் இடத்தை எளிதில் ஊகித்துக்கொள்வர். தரம் 3 இல் படிக்கும் மகளையும் தரம் 1 இல் படிக்கும் மகனையும் அங்கு அழைத்துச் சென்றுவரும் தந்தை என்ற நிலையிலிருந்து இதனை எழுதுகிறேன்.

மூன்றரை மணிக்குப் பாட்டுடன் தொடங்குகிறார்கள். கத்தரித் தோட்டத்து வெருளியைப் பற்றி நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பாடிய பாட்டுக்கே பிள்ளைகளிடம் வரவேற்பு அதிகம். ஒரு பிள்ளை கைகளை விரித்து வெருளியாக நிற்க, மற்றவர்கள் சுற்றிவந்து பாடுகின்றனர். 1953 இல் மறைந்த புலவரின் பாட்டு இன்றைய பிள்ளைகளுக்கு அந்நியமாகப் படாததற்கு, வலிகாமத்துத் தோட்டங்களில் இன்னமும் வெருளிகள் நிற்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பாட்டு முடிந்ததும் ஓய்வுபெற்ற ஆரம்பப்பிரிவு ஆசிரியை ஒருவர் பாயில் அமர்ந்து, கையில் நூல் எதுவும் இல்லாமல், வீட்டில் நாம் பேசும் பேச்சிலேயே ஒரு கதை சொல்கிறார். நரியும் காகமும் வரும் வழக்கமான கதைகளோடு, குடாநாட்டுக்கே உரிய கதைகளும் அவரிடம் நிறைய இருக்கின்றன. கண் தெரியாத யாழ்பாடி பரிசாகப் பெற்ற மணற்பூமியின் கதையையும், குதிரை முகத்தோடு வந்த மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் நீராடி அம்முகம் நீங்கப் பெற்ற கதையையும் பிள்ளைகள் மீண்டும் மீண்டும் கேட்டு வாங்குகின்றனர். நிலாவரைக் கிணற்றின் கதை வந்த நாளில் மண்டபமே இரண்டுபட்டது. படையின் தாகம் தீர்க்க இராமர் அம்பெய்து உண்டாக்கிய கிணறு அது என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்பதைத்தான் தரம் 4 மாணவன் ஒருவன் நம்ப மறுத்தான். ஆசிரியை அதனை உண்மை என்றும் சொல்லவில்லை, பொய் என்றும் சொல்லவில்லை. நம் காலடியில் இருப்பது சுண்ணாம்புக்கல் என்பதையும், மழைநீர் அக்கல்லைக் கரைத்து வெடிப்புகளையும் குகைகளையும் உண்டாக்கும் என்பதையும், நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதையும் சொல்லிவிட்டு, தேசிக்காய் எந்த வழியால் போயிருக்கும் என்று யோசித்து வரும்படி அனுப்பிவிட்டார். ஒரு கதையைக் கொண்டு பிள்ளையின் ஐயத்தை அடக்காமல், அந்த ஐயத்துக்கே இரைபோடும் இந்தத் திறமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இந்நிகழ்வு ஒருவரை மாத்திரம் நம்பி நிற்பதன் பலவீனமும் இதே இடத்தில் தெரிகிறது. அவர் வராத சனிக்கிழமைகளில் இந்தப் பகுதி ஏறத்தாழ நடைபெறுவதே இல்லை.

அடுத்து வரும் அரைமணி நேரம் வாசித்துக் காட்டுவதற்குரியது. இங்கு பேச்சுத் தமிழுக்கு இடமில்லை. நூலில் உள்ளது உள்ளபடியே, ஒரு சொல்லும் மாற்றப்படாமல், நிறுத்தி வாசிக்கப்படுகிறது. கதை சொல்லலையும் கதை வாசித்தலையும் இவ்வாறு தனித்தனியே பிரித்து வைத்திருப்பதே இந்த ஏற்பாட்டின் மிகச் சிறந்த அம்சம் என்பது என் கருத்து. பெற்றோராகிய நாம் பிள்ளைக்கு நூலொன்றை வாசிக்கும்போது, விளங்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில், எழுத்துத் தமிழைப் பேச்சாக மாற்றிச் சொல்லிவிடுகிறோம். கதை பிள்ளைக்கு விளங்கிவிடுகிறது. ஆனால் நூலின் மொழி அதன் காதில் விழாமலே போய்விடுகிறது. பின்னர் தரம் 2 இல் அதே பிள்ளை தனியே ஒரு நூலைத் திறக்கும்போது, 247 எழுத்துகளைக் கொண்ட நெடுங்கணக்கை உருவம் உருவமாகக் கூட்டி வாசிக்கும் சுமையோடு, வீட்டில் ஒருவரும் பேசிக் கேட்டிராத வாக்கிய அமைப்புகளைப் புரிந்துகொள்ளும் சுமையும் ஒரே நேரத்தில் அதன்மேல் ஏறுகிறது. ‘வாறான்’ என்று கேட்டு வளர்ந்த காது ‘வருகிறான்’ என்பதை முன்கூட்டியே பலமுறை கேட்டிருந்தால், கண்ணுக்கு எழுத்தைக் கூட்டும் வேலை மட்டுமே மிஞ்சும். எழுத்துக்கூட்டத் தெரிந்தும் வாசிப்பை வெறுக்கும் பிள்ளைகளை ஒவ்வொரு வகுப்பிலும் காண்கிறோம். அவர்களில் கணிசமானோரின் சிக்கல் எழுத்தில் அல்ல, பழகாத இந்த மொழிநடையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வாசிக்கும் முறையிலும் கவனம் தெரிகிறது. நூல் பிள்ளைகளை நோக்கிப் பிடிக்கப்படுகிறது. வாசிப்பவரின் விரல் வரியின் கீழே நகர்கிறது. திரும்பத் திரும்ப வரும் வரிகளைப் பிள்ளைகள் சேர்ந்து சொல்கின்றனர். தெரியாத சொல் வந்தால் அதன் பொருளைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுக் கதை தொடர்கிறது. இடையில் பக்கத்தைப் புரட்டுவதற்கு முன்னர், அடுத்து என்ன நடக்கும் என்று மட்டும் கேட்கின்றனர். நூலை மூடியபின் ஒரு கேள்வியும் இல்லை. கதையின் படிப்பினை யாது என்று கேட்பதில்லை, கொப்பியில் எதையும் எழுதச் சொல்வதில்லை. முடிவில் வினா வரும் என்று தெரிந்தால் பிள்ளைகள் கதையை விட்டுவிட்டு விடையைத் தேடத் தொடங்கிவிடுவர் என்பது ஆசிரியையின் அனுபவம். வகுப்பறையில் கிரகித்தல் வினாக்களுக்கு உரிய இடம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. சனிக்கிழமையும் அவை பின்தொடர்ந்து வர வேண்டியதில்லை.

உதவிக்கு வரும் உயர்தர வகுப்பு மாணவர்கள் வாசிக்கும் நாள்களில் தரம் சற்றுக் குறைகிறது. சிலர் விரைந்து வாசித்து முடித்துவிடுகின்றனர். ஓர் இளைஞர் குரல்களை மாற்றி மாற்றி, சிங்கமாகவும் எலியாகவும் அற்புதமாக நடிக்கிறார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், ஆனால் அவர்களது கண்கள் அவருடைய முகத்திலேயே இருக்கின்றன, நூலின் பக்கத்தில் இல்லை. அவரைக் கதை சொல்லும் பகுதிக்கு மாற்றினால், ஆசிரியை வராத நாள்களின் வெற்றிடமும் நிரம்பும்.

கடைசி இருபது நிமிடங்கள் பிள்ளைகளுக்கு உரியவை. விரும்பியவர் எழுந்து கதை சொல்லலாம், படத்தட்டுகளை அடுக்கிக் கதை கட்டலாம், ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடரலாம். விரும்பாதவர் பேசாமல் இருக்கலாம், ஒருவரும் வற்புறுத்துவதில்லை. காகம் வடையைத் தூக்கிய கதையைத் தரம் 1 பிள்ளைகள் வாரந்தோறும் சொல்கின்றனர், ஆனால் வாரந்தோறும் முடிவு மாறுகிறது. மேலே கூறிய பிரிப்பின் பலன் இங்குதான் காதில் விழுகிறது. வீட்டுப் பேச்சில் கதை சொல்லிக்கொண்டு போகும் ஒரு சிறுமி, திடீரென ‘அடர்ந்த காட்டினுள்’ என்று நூலில் கேட்ட தொடரைப் பிசகின்றி எடுத்துப் போட்டுவிட்டு, அதைக் கவனியாமலே மறுபடியும் தன் பேச்சுக்குத் திரும்பிவிடுகிறாள். தொலைபேசியில் படம் பிடிப்பதற்கு அனுமதி இல்லை. அதனால் பிள்ளைகள் பெற்றோருக்காக அல்லாமல் ஒருவருக்கொருவர் கதை சொல்கின்றனர். இந்த விதியை முதலில் கடுமையானதென்று முணுமுணுத்த பெற்றோரும் இப்போது அதற்குப் பழகிவிட்டனர்.

குறை சொல்ல வேண்டிய இடம் நூல் அலுமாரி. வெளிநாடுகளில் வாழும் ஊரவர்கள் அன்போடு அனுப்பிய நூல்கள் அதில் நிறைந்திருக்கின்றன: சிறிய எழுத்தில் அச்சான தலைவர்களின் வரலாறுகள், பொது அறிவுக் களஞ்சியங்கள், தடித்த இதிகாசச் சுருக்கங்கள், பழைய புலமைப்பரிசில் வினாத்தொகுப்புகள். அப்போதுதான் தனியே வாசிக்கத் தொடங்கியிருக்கும் ஏழு எட்டு வயதுப் பிள்ளைக்கு, பக்கத்துக்கு இரண்டு மூன்று வரிகளும் பெரிய படமும் உள்ள தமிழ் நூல்களே வேண்டும். அவை ஒரு தட்டைக்கூட நிரப்பவில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் உருவாக்கத்தில் ஆலோசகராக இருந்த சீ. இரா. அரங்கநாதன், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்று நூலகத்துக்கு விதி வகுத்தவர். அந்த விதியைக் கொண்டு பார்த்தால், இந்த அலுமாரியின் பெரும்பகுதி இங்கு வராத யாரோ ஒருவருக்காகக் காத்திருக்கிறது. நூல் அனுப்ப விரும்புவோர் தாம் படித்துப் பெருமைப்பட்டவற்றை அனுப்பாமல், என்ன வேண்டும் என்று நிலையத்தைக் கேட்டு அனுப்பினால் நன்று. செயற்குழுவினரும் வருவதையெல்லாம் அலுமாரியில் ஏற்றாமல், சிலவற்றை வேறிடத்துக்குக் கொடுத்துவிடத் துணிய வேண்டும்.

இந்தக் குறையை நிரப்ப இளைஞர்கள் நல்லதொரு வழி கண்டிருக்கின்றனர். இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ச் சிறுவர் கதைகள் பல, யாரும் இலவசமாகப் படிக்கவும் அச்சிடவும் மொழிபெயர்க்கவும் இடமளிக்கும் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தோடு கிடைக்கின்றன. அவற்றைத் தாளில் அச்சிட்டு, மடித்து, கம்பி அடித்துச் சிறு நூல்களாக்கி ஒரு பெட்டியில் வைத்துள்ளனர். பிள்ளைகள் முதலில் ஓடுவதும் அந்தப் பெட்டிக்குத்தான். ஆயினும் செலவைக் குறைக்கக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டிருப்பதால், நிறத்தை நம்பிய கதைகள் பொருளிழந்து போகின்றன; சிவப்புப் பட்டத்தைத் தேடும் கதையில் எல்லாப் பட்டமும் சாம்பல் நிறம். அத்தளத்தில் கதைகள் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தும், இங்கே எல்லாம் ஒரே பெட்டிக்குள் கலந்து கிடக்கின்றன. தரம் 2 பிள்ளை நான்காம் நிலை நூலை எடுத்துச் சென்று, இரண்டு பக்கத்தோடு சோர்ந்து திருப்பிக் கொண்டுவருவதைப் பார்க்கிறோம். இலங்கையில் 2005 முதல் இயங்கிவரும் ரூம் டு ரீட் அமைப்பு, பாடசாலை நூலகங்களில் நிற அடையாளங்களால் நூல்களைத் தரப்படுத்துகிறது. அதே போல முதுகில் ஒரு நிறத்தாள் ஒட்டுவதற்கு ஒரு பிற்பகல் போதும்.

இரவல் முறை எளிமையானது. ஒரு நூல், ஒரு வாரம். பதிவேட்டில் பெயரைப் பிள்ளையே எழுத வேண்டும். பிந்தினால் தண்டப்பணம் இல்லை. கிழிந்து வரும் நூலுக்காக யாரும் ஏசுவதில்லை, கிழித்த பிள்ளையே பசையும் தாளும் வாங்கி ஒட்டிக்கொடுக்கிறது.

தரம் 5 பிள்ளைகள் பெயருக்குத்தான் இருக்கின்றனர். புலமைப்பரிசில் பரீட்சைக்கான வகுப்புகள் சனிக்கிழமை முழுவதையும் விழுங்கிவிடுவதால், தரம் 4 இன் இறுதியிலேயே நல்ல வாசகர்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றுவிடுகின்றனர். பரீட்சை முடிந்தபின் திரும்பி வருபவர்கள் சிலரே. இதற்கு நிலையத்தைக் குறைகூற முடியாது, பெற்றோராகிய எங்களையே கூற வேண்டும். ஆனாலும் பத்திரிகை வாசிப்போருக்காக வாசிகசாலை நாள்தோறும் மாலையில் திறந்தே இருக்கிறது. வாரநாள் ஒன்றில் அரைமணி நேரம் இரவல் அலுமாரியையும் திறந்துவைத்தால், வகுப்பு முடிந்து துவிச்சக்கரவண்டியில் வரும் பிள்ளை ஒரு கதை நூலையாவது எடுத்துச் செல்லும்.

கட்டணம் எதுவும் இல்லை. தண்ணீர்ப் போத்தல் கொண்டு செல்வது நல்லது. பெற்றோர் விறாந்தையில் இருக்கலாம். உள்ளே வந்து தம் பிள்ளைக்கு விடை எடுத்துக் கொடுப்பவர்கள் மரியாதையாக வெளியே அனுப்பப்படுகின்றனர். கூரை தகரத்தாலானது. கார்த்திகை, மார்கழி மழையில் வாசிப்பவரின் குரல் முன்வரிசையைக்கூட எட்டாது. அத்தகைய நாள்களில் பாட்டும் விளையாட்டும்தான் நடக்கின்றன.

நூல் தெரிவு மட்டும் நோக்கமானால் நகரத்துப் பொது நூலகத்தின் சிறுவர் பகுதியே பொருத்தமானது. 1967 இல் தொடங்கப்பட்ட அப்பகுதியும் 1981 இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்த கட்டடத்தின் ஓர் அங்கம்தான். பின்னர் மீண்டும் கட்டியெழுப்பப்பட்டது. அந்தப் பெரிய நூலகமே 1933 இல் க. மு. செல்லப்பா தம் வீட்டில் வைத்து நடத்திய சிறு நூல் சேகரிப்பிலிருந்து வளர்ந்தது என்பதால், கிராமத்து அலுமாரி ஒன்றை அதனோடு சேர்த்துப் பேசுவது மிகையாகாது. இரண்டும் செய்யும் வேலை வேறு. கதையைக் கேட்கும் காதை உண்டாக்குவது இங்கே, அந்தக் காதுக்குப் பின்னர் வேண்டிய நூல்களைத் தேடுவது அங்கே.

தரம் 1 முதல் 3 வரை படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதனைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். தரம் 4 பிள்ளைக்கு, நூல்கள் தரப்படுத்தப்படும்வரை, வீட்டில் யாராவது உடனிருந்து தெரிவு செய்து கொடுக்க வேண்டும். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதத்தில் போட்டிகளுக்கும் பரிசளிப்புக்குமாக மண்டபம் நிறைந்துவிடுவதால், வழக்கமான கதை நேரம் எப்படியிருக்கும் என்று அறிய அது ஏற்ற காலம் அல்ல. தை மாதம் பாடசாலை தொடங்கியதும் புதிய பிள்ளைகளைச் சேர்க்கின்றனர். அதற்கு முன்னரே நிலையத்தின் செயலாளரிடம் பெயரைக் கொடுத்து வைத்தால்தான் இடம் கிடைக்கும்.