காப்பிரைட் பதிவு என்று சொல்லி 18,500 ரூபாயைப் பிடுங்கிவிட்டார்கள், போட்டோ எடுப்பவர்கள் படியுங்கள்

நேற்று மதியம்தான் உறுதியானது. கோபம் இன்னும் அடங்கவில்லை, முன்னே பின்னே எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தக்கலைப் பக்கம், கல்யாண வீடுகளுக்குப் போட்டோ எடுப்பவன். முட்டத்தில் விடியற்காலையில் வள்ளம் இறக்குவதை எனக்காக எடுத்த படத்தை ஒருவர் கேட்காமல் காலண்டரில் அடித்துவிட்டார். அந்தப் பதற்றத்தில், காப்பிரைட் பதிவு செய்து தருவதாக நாகர்கோவிலில் போர்டு வைத்திருந்த ஏஜென்சிக்குப் போனேன்.

அங்கே இருந்தவர் மேஜையிலிருந்து 1957-ஆம் ஆண்டுக் காப்பிரைட் சட்டப் புத்தகத்தை எடுத்தார். ஓரமெல்லாம் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் நம்பிவிட்டேன். "பதிவு இல்லேன்னா படம் உங்களோடதே இல்ல அண்ணே" என்றார். மூன்று படத்துக்கு 12,000. அப்புறம் என் போனில் திருவள்ளுவர் சிலைப் படங்களைப் பார்த்துவிட்டு, சிற்பி இறந்து 60 வருஷம் வரை உரிமை இருக்கு, கேஸ் வரும் என்று ஒரு பக்கத்தை விரித்துக் காட்டி, கிளியரன்ஸுக்கு 6,500. மொத்தம் 18,500. ஆவணியில் இரண்டு கல்யாணத்துக்கு ராத்திரி பகலாக நின்ற கூலி அது.

நாலே நாளில் தங்க முத்திரை போட்ட சர்டிபிகேட் வந்தது. தெரிந்த வக்கீல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விண்ணப்பம் போட்டதும் அரசு அலுவலகம் தருகிற டைரி நம்பர் அதில் இல்லை. விண்ணப்பம் போட்டால் ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் காத்திருக்க வேண்டுமாம், நாலு நாளில் எப்படி வரும்? அரசுக் கட்டணம் படத்துக்கு 500 ரூபாய்தான். அதுவும் கட்டாயமில்லை, படம் எடுத்த நொடியே உரிமை நமக்கு வந்துவிடுகிறது, பதிவு ஒரு சாட்சி மட்டும்தான். 133 அடிக்குக் கடலுக்குள் நிற்கிற சிலையைப் படகேறிப் போகிற எல்லாரும்தான் எடுக்கிறார்கள். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையைப் படம் எடுக்கவும் வெளியிடவும் 52-ஆம் பிரிவே விலக்கு தருகிறது. அந்தப் புத்தகத்திலேயே, அவர் விரித்த பக்கத்துக்குக் கொஞ்சம் தள்ளி!

பணத்தைக் கேட்டால் முதல் நாள் "சார் திருவனந்தபுரம் போயிருக்காரு". மறுநாள் "சைட் டவுன்". அப்புறம் "பில் இருக்கா?" பில்லே தரவில்லை, ஜிபே போனதும் வேறு யாரோ பெயருக்கு. நேற்று கவுன்டரில் இருந்த பெண், "இது லோக்கல் சர்டிபிகேட் அண்ணா, அதுக்குத்தான் அந்த ரேட்" என்கிறாள். 18,500 ரூபாய்க்கு லோக்கல் சர்டிபிகேட்!

இப்போதைக்கு இவ்வளவுதான் சொல்ல முடிகிறது. ஒரிஜினல் ஃபைலை அழிக்காதீர்கள், தேதியோடு அதுதான் ஆதாரம். பதிவு வேண்டுமென்றால் அரசு தளத்தில் நீங்களே போடுங்கள். காசு வாங்கி எடுத்த கல்யாணப் படங்களில், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், உரிமை காசு கொடுத்தவருக்குத்தான், அதைப் பதிய யாரிடமும் பணம் கட்டாதீர்கள். சொந்தப் படிப்பு, விமர்சனம், செய்தி என்று கேட்காமலே பயன்படுத்த விலக்குகள் இருக்கின்றன, ஆனால் காலண்டர் அடித்து விற்பது அதில் எதிலும் வராது.

காலண்டர்காரருக்கு வக்கீல் நோட்டீஸ் போகிறது. ஏஜென்சி மேல் நாளைக்கு ஸ்டேஷனில் மனு கொடுக்கிறேன். உங்கள் வீட்டிலும் அந்தத் தங்க முத்திரைச் சர்டிபிகேட் இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.