நட்டு தெரிகிறது, போல்ட் இல்லை: கூரை வேலையில் நடக்கும் மோசடி

திருகோணமலை நிலாவெளிப் பக்கம் ஒரு வீட்டில் கூரைத் தகரத்தைக் கழற்றியபோது வெளிவந்தது இது. கூரையைச் சுவரோடு பிடித்துவைக்கும் 22 போல்டுக்குப் பில் போட்டுக் காசு வாங்கியிருக்கிறார்கள். சுவரின் மேல் படுக்கவைத்து கைமரங்களைத் தாங்கும் மரமான வோல் பிளேட்டின் மேல் 22 நட்டும் வொஷரும் ஒழுங்காகத் தெரிந்தன. ஸ்பானர் போட்டுத் திருப்பினால் 17 சும்மா சுற்றின. மரைக்கம்பியை மூன்று அங்குலத் துண்டுகளாக வெட்டி மரத்துக்குள் மட்டும் சொருகி நட்டை இறுக்கியிருந்தார்கள். கீழே சுவர் உச்சியிலுள்ள கொங்கிரீட் பீமுக்குள் ஒன்றுமே போகவில்லை.

இது உயிரோடு விளையாடும் வேலை. 1964 டிசம்பர்ப் புயலையும் 2020 புரெவியையும் கண்ட கரை இது. புயல் கூரையை அமுக்குவதில்லை, மேலே உறிஞ்சித் தூக்கும். மணிக்கு 160 கிலோமீற்றர் காற்றில் கூரை ஓரத்தின் ஒவ்வொரு சதுர மீற்றரையும் 100 கிலோவுக்கு மேற்பட்ட விசை இழுக்கும். தகரமும் மரமும் சேர்ந்த எடை அதில் கால்வாசிகூட வராது.

சரியான முறை இதுதான். 12 மி.மீ. போல்டின் அடியை எல் வடிவில் வளைத்து, பீமின் கம்பிக்கூட்டுக்குள் கொளுவி, கொங்கிரீட் போட முதலே நிறுத்த வேண்டும். மூன்று அடிக்கு ஒன்று. 30 அடிச் சுவர் ஒன்றுக்கு 11, இரண்டுக்கும் 22. பீமின் 10 மி.மீ. கம்பிகளும் மூலையில் நின்றுவிடக்கூடாது. வளைந்து மற்றச் சுவருக்குள் ஒன்றரை அடியாவது போகவேண்டும். இல்லாவிட்டால் முதலில் மூலைதான் பிளக்கும்.

கைமரத்தை வோல் பிளேட்டில் வெறும் ஆணியால் அடித்துவிட்டுப் போகிறவர்களும் நிறைய. மேலிருந்து அடித்த ஆணி மேல்நோக்கி இழுத்தால் உருவிக்கொண்டு வரும். துத்தநாகம் பூசிய கல்வனைஸ் இரும்புப் பட்டியைக் கைமரத்தின் மேலால் சுற்றி இரண்டு பக்கமும் பக்கவாட்டில் ஆணி அடித்தால்தான் பிடிக்கும். உப்புக் காற்றில் சாதாரண ஆணி துருப்பிடித்து மெலியும், அதை வாங்கவே வேண்டாம்.

கொங்கிரீட் ஊற்றும் நாளுக்கு முதல் நாள் நீங்களே ஏறி போல்ட்களை எண்ணிப் படம் எடுங்கள். அந்தப் படம் கையில் இல்லாமல் அடுத்த தவணைக் காசு கொடுக்காதீர்கள். வீடு ஏற்கெனவே கட்டியாயிற்று என்றால் ஒவ்வொரு நட்டாக ஸ்பானர் போட்டுப் பாருங்கள். போல்டும் சேர்ந்து சுற்றினால் அது வெட்டுத்துண்டு. அந்த இடத்தில் பீமுக்குள் துளையிட்டுப் புதிய போல்ட் இறக்கவேண்டும், செலவை வேலை செய்தவரிடமே கேளுங்கள்.