ஜியாப்ரெசா: பிரஷர் ஏறும், நானோகிராமில் கண் வையுங்கள்

நம் உடம்பு சுரக்கும் ஆஞ்சியோடென்சின் 2 ஹார்மோனை, அதே 8 அமினோ அமிலங்களோடு செயற்கையாகத் தயாரித்து சிறு மருந்துக் குப்பியில் (வயல்) அடைத்திருக்கிறார்கள்; அதுதான் ஜியாப்ரெசா. அமெரிக்காவில் 2017 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. செப்டிக் ஷாக் (கடும் தொற்றால் வரும் அதிர்ச்சி நிலை) போல ரத்தக்குழாய்கள் தளர்ந்து பிரஷர் விழும்போது பயன்படுத்துவது. பிரஷரை ஏற்ற முதலில் கொடுக்கும் மருந்து இப்போதும் நாரட்ரினலின்தான்.

அது ஏராளமாக ஓடியும் பிரஷர் நிற்காதவர்களிடம் அதோஸ்-3 ஆய்வில் இதைச் சோதித்தார்கள். 3 மணி நேரத்தில் இலக்கை எட்டியவர்கள் 69.9%; இதற்குப் பதில் சலைன் ஏறியவர்களில் 23.4%. பிரஷரை ஏற்றுவதில் சந்தேகமே இல்லை. 28 நாள் இறப்போ மருந்துப் பிரிவில் 46%, சலைன் பிரிவில் 54%. இந்த வித்தியாசத்தை வைத்து உயிர் காக்கும் என்று சொல்லிவிட முடியாது.

சிக்கல் மருந்தை ஏற்றும் பம்பில் வரும். நாரட்ரினலினை மைக்ரோகிராமில் கணக்கிட்டே பழகிய கைக்கு இது நானோகிராம். அலகு மாறினால் அளவு ஆயிரம் மடங்கு தவறும். 2.5 மி.கி. வயலை 250 மி.லி. நார்மல் சலைனில் கலந்தால் மி.லி.க்கு 10,000 நானோகிராம். கிலோவுக்கு நிமிடத்துக்கு 20 நானோகிராமில் தொடக்கம். 70 கிலோ ஆளுக்கு மணிக்கு 8.4 மி.லி. 5 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு தடவைக்கு 15 நானோகிராம் வரை கூட்டலாம். முதல் 3 மணி நேரத்தில் உச்சம் 80, அதன்பின் 40. சென்ட்ரல் லைனில் (பெரிய சிரையில் போடும் குழாயில்) ஏற்றுவதே நல்லது.

வயலை 2 முதல் 8 டிகிரியில் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். கலந்தது 24 மணி நேரம்தான். 8.4 மி.லி. வேகத்திலேயே ஓடினால் சுமார் 50 மி.லி. குப்பைக்குப் போகும். விலையை நினைத்தால் வயிறு எரிகிறது.

ரத்த உறைவுதான் பெரிய பயம்: ஆய்வில் மருந்து ஏறியவர்களில் சுமார் 13%, சலைன் பிரிவில் 5%. உறைவுத் தடுப்பு மருந்து கூடவே ஓடட்டும். வீட்டில் எந்த பி.பி. மாத்திரை சாப்பிட்டார் என்றும் கேளுங்கள். எனலாப்ரில் வகை என்றால் பிரஷர் எதிர்பார்த்ததைவிடத் துள்ளும். லோசார்டன் வகை என்றால் மந்தமாக ஏறும்.

ரத்தத்தில் இதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் நேரம், ஒரு நிமிடம்கூட இல்லை. பை தீர்ந்த கையோடு பிரஷர் சரியும், அதனால் அடுத்த பையைக் கலந்து தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தும்போதும் 5 முதல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு தடவைக்கு 15 நானோகிராமுக்கு மேல் போகாமல் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.