பாடல் தொகுப்பு பெருகும்போது மியூசிக் பிளேயர் ஏன் மந்தமாகிறது: ஒரு நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

மியூசிக் பிளேயர்களைப் பற்றிய மதிப்புரைகளில் பெரும்பாலானவை சில நூறு பாடல்களை வைத்துக்கொண்டு, மென்பொருளை நிறுவிய சில நாட்களுக்குள் எழுதப்படுபவை. அந்த அளவில் எந்த பிளேயரும் வேகமாகத்தான் இருக்கும். தொகுப்பு பல்லாயிரத்தைத் தாண்டிய பிறகு, அதே மென்பொருளை ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் பயன்படுத்தும்போதுதான் அது உள்ளே எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது வெளியே தெரியவரும். பாடல்களை இணையச் சேவைகளில் கேட்காமல் கோப்புகளாகச் சேமித்துவைத்துக் கேட்பது என் வழக்கம். என் தொகுப்பில் இப்போது 60,000-க்கும் மேற்பட்ட கோப்புகள் உள்ளன. பெரும்பகுதி ஃபிளாக் (ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு வடிவம்), மற்றவை எம்பி3. இவற்றைப் பல பிளேயர்களில் நீண்ட காலம் கேட்டுப் பழகியதில் நான் உறுதியாக உணர்ந்தது ஒன்று உண்டு. பாடல்களின் எண்ணிக்கை கூடுவதால் மட்டும் பிளேயர் மந்தமாகிவிடுவதில்லை. தான் ஏற்கெனவே அறிந்த தகவலைத் தேடி மறுபடியும் மறுபடியும் கோப்புகளிடம் போவதாலும், செய்து முடித்த வேலையைத் திரும்பச் செய்வதாலும்தான் மந்தமாகிறது.

நான் நெடுங்காலம் பயன்படுத்திய முதல் பிளேயரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. அதில் கண்ட குறைகள் அதற்கு மட்டுமே உரியவையும் அல்ல. சில ஆயிரம் பாடல்கள் இருந்தவரை அதைக் குறைசொல்ல இடமே இருக்கவில்லை. தொகுப்பு 20,000-ஐ நெருங்கியபோது, திறந்த உடனே வந்துகொண்டிருந்த பட்டியல் தாமதித்து வரத் தொடங்கியது. பிறகு, தேடல் பெட்டியில் ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரையில் தோன்றுவதற்கே காத்திருக்க வேண்டியதாயிற்று. அடுத்து, ஓர் ஆல்பத்தின் ஆண்டைத் திருத்திச் சேமிக்கும்போது சாளரம் முழுவதும் உறைந்து நின்றது. கடைசியில், ஆல்பம் அட்டைப்படங்கள் நிறைந்த பக்கத்தை வேகமாக உருட்டினால், ஒலித்துக்கொண்டிருக்கும் பாடலே விட்டுவிட்டுக் கேட்கும் நிலை வந்தது. இவை நான்கும் வெவ்வேறு காரணங்களால் வருபவை என்பதும், ஒன்றைச் சரிசெய்வதால் மற்றொன்று சரியாகிவிடாது என்பதும் எனக்குப் புரியக் கொஞ்ச காலம் பிடித்தது.

முதலில் ஸ்கேன் செய்வதை, அதாவது பிளேயர் கோப்புறைகளில் உள்ள பாடல்களைத் தேடிப் படிப்பதை எடுத்துக்கொள்வோம். பாடலின் பெயர், பாடியவர், ஆல்பம் முதலியவற்றை அறிவதற்கு பிளேயர் ஒவ்வொரு கோப்பையும் திறந்து, இந்த விவரங்கள் எழுதப்பட்டிருக்கும் டேக் பகுதியைப் படிக்க வேண்டும். நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வன்தட்டில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி ஆகிறது. வேண்டிய இடம் படிக்கும் முனைக்கு நேராக வருவதற்குச் சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். முனை ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்துக்கு நகரும் நேரத்தையும் சேர்த்தால், ஒவ்வொரு தாவலுக்கும் ஏறத்தாழ 12 மில்லிவினாடி ஆகும். கோப்புக்கு ஒரே ஒரு தாவல் என்று வைத்துக்கொண்டாலும் 60,000 கோப்புகளுக்கு 12 நிமிடங்கள். நடைமுறையில் ஒரு தாவலோடு வேலை முடிவதும் இல்லை. எம்பி3 கோப்புகளில் வழங்கும் ஐடி3 என்ற டேக் முறையின் முதல் பதிப்பு கோப்பின் கடைசி 128 பைட்டுகளில் இருக்கிறது. இரண்டாம் பதிப்போ பெரும்பாலும் கோப்பின் தொடக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் பார்க்கும் பிளேயர் ஒவ்வொரு எம்பி3 கோப்பிலும் முன்னும் பின்னும் போய்வர வேண்டியிருக்கிறது. பிட்வீதம் (ஒரு வினாடி ஒலிக்குச் செலவாகும் தரவின் அளவு) மாறிக்கொண்டே இருக்கும் எம்பி3 கோப்பில், மொத்த ஃபிரேம்களின் (ஒலியின் சிறு துண்டுகளின்) எண்ணிக்கையைச் சொல்லும் தலைப்புப் பகுதி இல்லையென்றால், பாடலின் நீளத்தைச் சரியாகக் கணக்கிட கோப்பு முழுவதையும் படித்தாக வேண்டும்.

முதல் முறை இந்த வேலையைச் செய்துதான் ஆக வேண்டும். அதற்கு எவ்வளவு நேரம் ஆனாலும் நான் குறையாகக் கருதமாட்டேன். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதையே திரும்பச் செய்வதை ஏற்க இயலாது. கோப்பின் அளவும், கடைசியாக மாற்றப்பட்ட நேரமும் ஏற்கெனவே குறித்துவைத்தவற்றோடு ஒத்துப்போனால், அந்தக் கோப்பைத் திறக்காமலே கடந்துவிடலாம். நன்றாக எழுதப்பட்ட பிளேயர்கள் அப்படித்தான் செய்கின்றன. ஆகவே, ஒரு பிளேயரின் முதல் ஸ்கேனைவிட இரண்டாம் முறை திறக்கும் வேகத்தையே நான் முதலில் கவனிக்கிறேன். திறக்கப்படும் கோப்புகளையெல்லாம் சோதிக்கும் ஆன்டிவைரஸ் இருக்கும் கணினியில் இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகத் தெரியும்.

படித்த தகவலை பிளேயர் எங்கே, எந்த வடிவில் வைத்துக்கொள்கிறது என்பதே இவை எல்லாவற்றிலும் முக்கியமானது என்பது என் கருத்து. என் பழைய பிளேயர் நூலகம் முழுவதையும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாக, அதாவது வரிவரியான உரைக் கோப்பாக எழுதிவைத்தது. அத்தகைய கோப்பின் நடுவில் ஒரு வரி நீண்டாலோ குறைந்தாலோ அதற்குப் பின்னால் உள்ள அனைத்தும் இடம் மாற வேண்டும். எனவே ஒரே ஒரு பாடலுக்கு மதிப்பெண் கொடுத்தாலும் முழுக் கோப்பும் புதிதாக எழுதப்படும். ஒரு பாடலைப் பற்றிய விவரம் ஒரு கிலோபைட் என்று கொண்டால், 60,000 பாடல்களுக்கு 60 மெகாபைட் ஆகிறது. ஒரு பாடலைக் கேட்ட எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுவதற்காக, அவ்வளவையும் ஒவ்வொரு பாடல் முடியும்போதும் அது வட்டில் எழுதிக்கொண்டிருந்தது. பாடல் மாறும் தருணத்தில் வரும் சிறு தடங்கலுக்கு இதுவே காரணம் என்பதை, வட்டின் பயன்பாட்டைக் காட்டும் சாளரத்தை அருகில் திறந்துவைத்துப் பார்த்தபோது ஐயமின்றித் தெரிந்துகொண்டேன்.

2000-ஆம் ஆண்டில் வெளிவந்து இன்று எண்ணற்ற மென்பொருள்களுக்குள் இருக்கும் எஸ்க்யூலைட் போன்ற தரவுத்தளத்தில் இந்தச் சிக்கல் எழுவதில்லை. ஒரு வரிசை (ஒரு பாடலின் பதிவு) மாறினால், அது இருக்கும் பக்கமும் (தரவுத்தளக் கோப்பின் ஒரு சிறு துண்டு) அதைச் சார்ந்த சில பக்கங்களும் மட்டுமே எழுதப்படுகின்றன. ஆயினும், தரவுத்தளம் இருப்பதாலேயே வேகம் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு பாடலையும் தனித்தனிப் பரிவர்த்தனையாக (ஒரே மூச்சில் எழுதி உறுதிசெய்யப்படும் மாற்றமாக) சேர்த்தால், ஒவ்வொன்றும் வட்டில் உறுதியாகப் பதியும்வரை மென்பொருள் காத்திருக்க வேண்டும்; சுழலும் வன்தட்டில் வினாடிக்குச் சில பத்துப் பாடல்களுக்கு மேல் சேர்க்க முடியாது. அதே பாடல்களை மொத்தமாகத் திரட்டி ஒரே பரிவர்த்தனையில் எழுதினால் வினாடிக்குப் பல்லாயிரம் வரிசைகளைக்கூட எழுதலாம். 2010-இல் வந்த 3.7.0 பதிப்பில், எழுதும் வேலை நடந்துகொண்டிருக்கும்போதே தடையில்லாமல் படிக்க இடம்தரும் முறையும் எஸ்க்யூலைட்டில் சேர்க்கப்பட்டது. இவற்றை முறையாகப் பயன்படுத்தும் பிளேயரில், ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே பாடலைத் தேடிக் கேட்க முடிகிறது. அவ்வாறு செய்யாத பிளேயரில், உள்ளே அதே எஸ்க்யூலைட் இருந்தும், ஸ்கேன் முடியும்வரை ஒன்றும் செய்ய இயலாமல் காத்திருக்கிறோம்.

தேடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெயரின் நடுவில் உள்ள சில எழுத்துகளைக் கொண்டு தேடும்போது சாதாரண அட்டவணைக் குறியீடு உதவாது. எல்லா வரிசைகளையும் பார்த்தாக வேண்டும். தகவல் நினைவகத்தில் இருந்தால், 60,000 வரிசைகள் இன்றைய கணினிக்கு ஒரு பொருட்டே அல்ல. தாமதம் வருவது வேறிடத்திலிருந்து: ஐந்து எழுத்துகளைத் தட்டினால் ஐந்து தேடல்கள் ஒன்றன்பின் ஒன்றாக முழுமையாக நடக்கின்றன, முதல் நான்கின் முடிவுகளை யாரும் பார்ப்பதே இல்லை. அடுத்த எழுத்து வந்தவுடன் முந்தைய தேடலைக் கைவிடுவதும், திரையில் தெரியும் வரிகளை மட்டும் வரைவதும் கடினமான வேலைகள் அல்ல. இருந்தும் பல பிளேயர்களில் இவை இல்லை என்பது வருத்தத்துக்குரியது.

அட்டைப்படங்களின் பாரத்தைப் பலரும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். நீளமும் அகலமும் 3,000 படப்புள்ளிகள் கொண்ட ஒரு படம் கோப்பாக இருக்கும்போது ஓரிரு மெகாபைட்டில் அடங்கிவிடலாம். திரையில் காட்டுவதற்காக விரிக்கப்படும்போதோ, புள்ளிக்கு 4 பைட் வீதம், அது 36 மெகாபைட்டாகிறது. ஒரு பக்கத்தில் 40 ஆல்பங்கள் தெரிந்தால் 1,440 மெகாபைட். விண்டோஸில் ஒரு 32-பிட் மென்பொருளுக்கு இயல்பாகக் கிடைக்கும் முகவரி இடமே 2 ஜிகாபைட்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், பழைய பிளேயர்கள் படப்பக்கத்தில் திணறுவதும் திடீரென மூடிக்கொள்வதும் வியப்பளிக்காது. அதே படங்களை 300 படப்புள்ளிச் சிறுபடங்களாக ஒருமுறை செய்து வைத்துக்கொண்டால், 40 படங்களும் சேர்ந்து 15 மெகாபைட்டைக்கூடத் தொடுவதில்லை. நான் பாடல்களுக்குள் பொதித்த படங்களை 1,000 படப்புள்ளிக்குக் குறைத்துவிட்டு, பெரிய படத்தை ஆல்பக் கோப்புறையில் தனிக் கோப்பாக வைத்திருக்கிறேன். ஒரே படம் ஆல்பத்தின் ஒவ்வொரு பாடலிலும் திரும்பத் திரும்ப இடம்பிடிப்பதும் இதனால் குறைந்தது.

டேக் திருத்தும்போது சாளரம் உறைவதற்கும் இதே படங்களுக்கும் தொடர்பு உண்டு. டேக் வளர்வதற்கென்று கோப்பின் முன்பகுதியில் சிறிது வெற்றிடம் விடப்படுகிறது. ஃபிளாக் கோப்பை உருவாக்கும் வழக்கமான குறிமாற்றி மென்பொருள் பொதுவாக 8 கிலோபைட் அளவுக்கு விடுகிறது. ஆண்டையோ பெயரையோ திருத்தினால் அந்த இடமே போதும். பெரிய படம் ஒன்றைச் சேர்த்தால் அது போதாது. பின்னால் உள்ள ஒலிப்பகுதி முழுவதையும் தள்ளி எழுத வேண்டும். நான்கு நிமிட ஃபிளாக் பாடல் 25 மெகாபைட் என்றால், 12 பாடல்கள் உள்ள ஆல்பத்துக்கு 300 மெகாபைட். இந்த வேலை தவிர்க்க முடியாததுதான்; ஆனால் அதைப் பின்னணியில் செய்யும் பிளேயர் நம்மைக் காக்கவைப்பதில்லை.

இப்போது நான் மேசைக் கணினியில் பயன்படுத்துவது ஃபூபார்2000. 2002-இல் முதன்முதலில் வெளிவந்த இந்த பிளேயரின் 2.0 பதிப்பு 2023-இல் 64-பிட் வடிவிலும் கிடைத்தது. என் முழுத் தொகுப்பையும் அது கலங்காமல் தாங்குகிறது. திறந்தவுடன் பட்டியல் வருகிறது, எழுத்தைத் தட்டத் தட்ட முடிவுகள் மாறுகின்றன. தோற்றத்தில் மிக எளிமையானது. படங்கள் நிறைந்த காட்சியை விரும்புபவர்கள் அமைப்புகளில் பொறுமையாக நேரம் செலவிட வேண்டும். வீட்டு வலையமைப்பில் உள்ள லினக்ஸ் கணினியில் எம்பிடி (மியூசிக் பிளேயர் டீமன்) என்ற பின்னணி மென்பொருள் ஓடுகிறது. இதற்குத் தனக்கென முகப்பு கிடையாது. பாடல் நூலகத்தைக் காப்பதும் ஒலிப்பதும் மட்டுமே அதன் வேலை, கட்டுப்படுத்துவதற்கு வேறொரு செயலி வேண்டும். கோப்புகள் இருக்கும் கணினியிலேயே ஸ்கேன் நடப்பதால், வலையமைப்பு வழியாக ஒவ்வொரு கோப்பையும் திறந்து மூடும் தாமதம் முற்றிலும் நீங்கிவிட்டது. நாம் கேட்டால் ஒழிய அது தானாகக் கோப்புறைகளைச் சோதிக்கத் தொடங்குவதுமில்லை. புதிய பாடல்களைச் சேர்த்த பிறகு புதுப்பிக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் எஸ்எஸ்டிக்கு (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகத்துக்கு) மாற்ற வேண்டும் என்ற அறிவுரையை அடிக்கடி கேட்கிறோம். பெரிய தொகுப்புக்கு அது அவசியமில்லை என்பதே என் அனுபவம். பாடல்கள் வன்தட்டிலேயே இருக்கலாம். ஒரு பாடலை ஒலிக்க அதன் வேகம் தாராளமாகப் போதும். தரவுத்தளத்தையும் சிறுபடங்களையும் எஸ்எஸ்டியில் வைத்தால், உணரக்கூடிய வேகத்தில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடுகிறது.

மதிப்பெண்களையும் கேட்ட எண்ணிக்கையையும் எங்கே வைப்பது என்பதில்தான் எளிதான விடை இல்லை. கோப்பின் டேக்கிலேயே எழுதினால், எந்த பிளேயருக்கு மாறினாலும் அவற்றை உடன் கொண்டுபோகலாம். ஆனால் ஒவ்வொரு பாடலைக் கேட்ட பிறகும் கோப்பின் நேரம் மாறி, அடுத்த ஸ்கேனும் காப்புநகல் மென்பொருளும் அதைப் புதிய கோப்பாகக் கருதுகின்றன. தரவுத்தளத்தில் மட்டும் வைத்தால் வேகம் காக்கப்படுகிறது. ஆனால் அந்த ஒரு கோப்பு கெட்டுவிட்டால் பல ஆண்டுகளாகச் சேர்ந்த குறிப்புகள் போய்விடும். அரிதாகவே மாறும் மதிப்பெண்களை டேக்கிலும், நாள்தோறும் மாறும் எண்ணிக்கையைத் தரவுத்தளத்திலும் பிரித்து வைத்திருக்கிறேன். பிளேயரை மூடிய பிறகு தரவுத்தளக் கோப்பின் நகல் வேறொரு வட்டுக்குத் தானாகப் போகும்படியும் அமைத்திருக்கிறேன். பிளேயர் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுக்கும் நகல் பாதி எழுதிய நிலையில் இருக்கக்கூடும் என்பதால், மூடிய பிறகு எடுப்பதே பாதுகாப்பானது.