இறங்கின பெட்டரியைச் செத்த பெட்டரி என்று சொல்லி ஏமாற்றுகிறார்கள்: ஹட்டன், கொட்டகலைப் பக்கம் கவனம்

வீட்டில் ஒரு கார் நிற்கிறது, கோயிலுக்கும் கிளினிக்குக்கும் மட்டும்தான் எடுப்போம் என்பவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். பெட்டரி இறங்கிக் கார் நின்றுபோன வீடுகளுக்கு வந்து, நல்ல பெட்டரியைக் கழற்றிக்கொண்டு, உதவாத ஒன்றைப் புதிது என்று மாட்டிவிட்டுப் போகிற ஆட்கள் ஹட்டன், கொட்டகலைப் பக்கம் திரிகிறார்கள். எங்கள் அப்பாவிடம் 28,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். பழைய பெட்டரியும் போய்விட்டது.

அப்பா ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியர். கொட்டகலையில் அவரும் அம்மாவும் மட்டும்தான். நான் கொழும்பில் வேலை. கார் ஒரு ஆல்டோ. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதும் பழைய கார்களின் விலை எக்கச்சக்கமாக ஏறியது. அப்போது எத்தனையோ பேர் வந்து கேட்டும் அப்பா கொடுக்கவில்லை. 2022இல் பெட்ரோல் இல்லாமல் மாதக்கணக்கில் சும்மா நின்றதும் அதே கார்தான். இப்போதும் பெரிதாக ஓட்டம் இல்லை.

அம்மாவை டிக்கோயா ஆஸ்பத்திரி கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டிய ஒரு நாள் விடியற்காலை, சாவியைத் திருப்பினால் டக் டக் என்று சத்தம் மட்டும் வந்திருக்கிறது. டேஷ்போர்ட் விளக்கும் மங்கிவிட்டது. அம்மா ஆட்டோ பிடித்துப் போய்விட்டார். பக்கத்து வீட்டுப் பையன் பேஸ்புக்கில் கண்ட ஒரு நம்பரைக் கொடுத்தான். 'வீட்டுக்கே வந்து பெட்டரி மாத்தித் தருவோம், செக் பண்ண காசு இல்லை' என்று விளம்பரம். போன் பண்ணி ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, இரண்டு பேர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஆட்டோவின் பின்பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பெட்டரி இருந்தது. கார் என்ன மொடல் என்று போனிலேயே கேட்டிருந்தார்கள்.

முதலில் மீட்டரை வைத்துப் பார்த்தார்கள். 11.8 வோல்ட் காட்டியது. அப்புறம் பெட்டரிக்குச் சுமை கொடுத்துப் பார்க்கிற லோட் டெஸ்டர் ஒன்றை எடுத்தார்கள்; இரண்டு பக்கமும் கிளிப், நடுவில் ஒரு முள். கிளிப்பை மாட்டி சுவிட்சை அழுத்தியதும் முள் விழுந்து சிவப்புக் கோட்டில் நின்றது. அதை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டியிருக்கிறார்கள்.

"செல் போயிருச்சு சேர். இந்தக் குளிருக்கு நம்ம பக்கம் பெட்டரி ஒரு வருசத்துக்கு மேல தாங்காது."

"வாங்கி ஒன்றேகால் வருஷம்தானே தம்பி?"

"அதத்தான் சேர் நானும் சொல்றேன்."

அம்மாவைத் திரும்பக் கூட்டி வர வேண்டிய அவசரம். பழையதுக்கு 2,000 கழித்து 28,500 என்றார்கள். பில் கேட்டதற்கு, புத்தகம் கடையில் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம் என்று பதில். கையில் ஒரு வொரண்டி கார்டைத் திணித்துவிட்டுப் போனார்கள். கார்டில் கடை முத்திரை இல்லை, திகதி இல்லை. பெட்டரி இலக்கம் எழுத வேண்டிய இடமும் வெறுமையாகத்தான் இருந்தது.

இனி, அந்தச் சோதனை ஏன் பொய் என்று சொல்கிறேன். ஏமாற்று முழுவதும் அந்த முள்ளில்தான் இருக்கிறது.

முழுதாகச் சார்ஜ் ஏறி, சில மணித்தியாலம் சும்மா இருந்த 12 வோல்ட் பெட்டரி மீட்டரில் 12.6க்கு மேல் காட்டும். பாதிதான் இருந்தால் கிட்டத்தட்ட 12.2. பன்னிரண்டுக்குக் கீழே போனால் ஏறக்குறைய காலி. லோட் டெஸ்ட் என்பது சார்ஜ் ஏறிய பெட்டரிக்குச் செய்வது: 15 விநாடி சுமை கொடுத்தாலும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது அதன் கணக்கு. 11.8இல் நிற்கிற பெட்டரிக்கு அதைச் செய்தால், நேற்று வாங்கிய பெட்டரியாக இருந்தாலும் முள் சிவப்பில்தான் போய் நிற்கும். பட்டினி கிடந்தவனை மலையேறச் சொல்லிவிட்டு, இவனுக்கு நெஞ்சில் வருத்தம் என்று சொல்வது போல.

செல் போயிருச்சு என்பதையும் சரிபார்க்க வழி இருக்கிறது. உள்ளே ஆறு செல், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட். ஒன்று செத்துவிட்டால், இரவு முழுக்கச் சார்ஜ் போட்டு எடுத்து வைத்தாலும் மீட்டர் 10.5 பக்கம்தான் நிற்கும். ஆகவே முதலில் சார்ஜ் ஏற்ற வேண்டும், தீர்ப்பு அதற்குப் பிறகுதான். ஆட்டோவில் வந்தவர்களிடம் சார்ஜரே இல்லை.

குளிர்க் கதை பாதி உண்மை, அதனால்தான் எடுபடுகிறது. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் பனி உறைந்து கிடப்பதை நாமே பார்க்கிறோம். குளிரில் பெட்டரி கொடுக்கிற வேகம் குறையும், இன்ஜின் ஒயிலும் தடிக்கும். அதனால் பாதி இறங்கின பெட்டரி மத்தியானம் ஸ்டார்ட் ஆகி, விடியற்காலையில் கழுத்தறுக்கும். ஆனால் பெட்டரியின் ஆயுளை அதிகம் குறைப்பது சூடுதான். கொழும்பு வெயிலில் ஓடுகிற பெட்டரியோடு பார்த்தால் நம்முடையது நீண்ட நாள் இருக்க வேண்டும்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: இறங்கின பெட்டரியை வாரக்கணக்கில் அப்படியே விட்டால், உள்ளே தகடுகளில் ஈய சல்பேட்டு இறுகிப்போய் அது உண்மையிலேயே சாகும். மாற்றச் சொல்கிற எல்லாக் கடைக்காரரும் கள்ளர் இல்லை. அப்பாவின் பெட்டரி அப்படியல்ல. அதற்கு முந்தைய வாரம்கூட அதில்தான் ஹட்டன் டவுனுக்குப் போய் வந்திருக்கிறார்.

சில வாரத்தில் 'புதிய' பெட்டரியும் படுத்துக்கொண்டது. இந்தத் தடவை நான் லீவில் வந்திருந்தேன். எங்கள் ஊரிலேயே சின்னதாக கராஜ் வைத்திருக்கிற பாஸ் ஒருவரைக் கூட்டி வந்தேன். பொனட்டைத் திறந்தவர் பெட்டரியைப் பார்த்ததும் டோர்ச்சை வாங்கிக் கிட்டப் பிடித்தார்.

"தம்பி, இங்க விரலை வச்சுப் பாருங்க."

மூடியின் ஓரத்தில், தயாரித்த திகதிக் குறியைச் சூடு வைத்துப் பதிக்கிற இடத்தில், பிளாஸ்டிக் வழுவழுப்பாக இருந்தது. சுரண்டிவிட்டு, மேலே ஒரு புது ஸ்டிக்கர். ஸ்டிக்கரின் மூலை ஏற்கெனவே கிளம்பியிருந்தது. ஈயக் கம்பங்கள் எமரித் தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தன. ஆனால் கிளாம்பைத் தளர்த்தியதும், அதற்குக் கீழே வேறொரு கிளாம்ப் கடித்த பழைய தழும்பு வட்டமாகத் தெரிந்தது. எத்தனை வண்டியில் இருந்து வந்ததோ. கராஜுக்குக் கொண்டுபோய் இரவு முழுக்க மெதுவாகச் சார்ஜ் ஏற்றினார், ஐந்நூறு ரூபாய்தான் எடுத்தார். காலையில் மீட்டர் 12.3, மத்தியானத்துக்குள் பன்னிரண்டுக்குக் கீழே வந்துவிட்டது.

அப்பாவின் நல்ல பெட்டரி எங்கே போயிருக்கும்? சாட்சி என்னிடம் இல்லை, என் சந்தேகத்தைச் சொல்கிறேன்: ஒரு இரவு சார்ஜ், ஒரு ஸ்டிக்கர், அடுத்த வீடு. பழையதுக்கு 2,000 கழித்துத் தாராளம் காட்டியது அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

சரி, முதல் பெட்டரி ஏன் இறங்கியது? வந்தவர்கள் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. பாஸ் நெகட்டிவ் வயரைக் கழற்றி, இடையில் மீட்டரை 10 ஆம்பியர் பக்கம் வைத்து இணைத்தார். கதவுகளை மூடிவிட்டு அரை மணித்தியாலம் டீ குடித்தோம். (அப்படி இணைத்திருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பி ஸ்டார்ட் எடுக்கக்கூடாது, மீட்டர் புகைந்துவிடும்.) நிறுத்தி வைத்த காரில் 0.05 ஆம்பியர் வரை போவது வழக்கம். மணிக்கூடு, அலாரம் எல்லாம் அதில் அடங்கும். எங்களுடையதில் 0.31. பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்ததில், ரேடியோ பியூஸை எடுத்ததும் 0.02க்கு விழுந்தது. சித்திரைப் புதுவருடத்துக்கு முன் கொழும்பில் ஒரு கடையில் போட்ட ஆண்ட்ராய்ட் செட். சாவியோடு அணைய வேண்டிய வயரை எப்போதும் கரண்ட் இருக்கிற வயரோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். திரை இருண்டிருந்தாலும் உள்ளே செட் விழித்தே இருந்திருக்கிறது. 0.31 என்றால் ஒரு நாளைக்கு ஏழு ஆம்பியர்-அவருக்கு மேல். ஆல்டோவில் இருப்பது மொத்தமே 35 ஆம்பியர்-அவர் கொள்ளளவுள்ள பெட்டரி. ஐந்து நாள் நின்றால் போதும், காலியாகிவிடும்.

வயரை மாற்றிய பிறகும், கார் வாரக்கணக்கில் நிற்கப்போகிறது என்றால் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் நெகட்டிவைக் கழற்றி வைக்கச் சொல்லியிருக்கிறார் பாஸ். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பூட்டும்போது அது கடைசியில். நிறுத்திய இடத்திலேயே பத்து நிமிடம் இன்ஜினை ஓட விடுகிற பழக்கம் நம் பெரியவர்களிடம் இருக்கிறது. வாரக்கணக்கில் இறங்கினதை அது நிரப்பாது. மூடுபனியில் லைட்டும் வைப்பரும் போட்டு டவுனுக்குப் போய் வருவதும் அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு தடவை அரை மணித்தியாலத்துக்குக் குறையாத ஓட்டம் வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் ஒரு சின்ன சார்ஜர்.

இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் எடுப்பது நம் பக்கத்துக் கைவைத்தியம். கையால் கியர் மாற்றுகிற காருக்கு அது வேலை செய்யும், ஓட்டோ கியர் காருக்கு இல்லை. ஆனால் இன்ஜின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவி கிடையாது, இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். ஸ்டியரிங்கும் கனக்கும். நம் தோட்டத்து ரோடுகளின் வளைவுகளில் அதை முயலாமல் இருப்பதே நல்லது. ஜம்ப் வயர் போடுவதென்றால் பிளஸ்ஸுக்கு பிளஸ். கடைசிக் கறுப்புக் கிளிப் உங்கள் பெட்டரியில் அல்ல, இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில். பிளஸ்ஸையும் மைனஸையும் மாறிக் கொடுத்தால், இன்ஜின் ஓடும்போது பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஓல்டர்னேட்டர் போய்விடும்.

ஹைபிரிட் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் கார்களிலும், ஓட்டத்துக்கு உதவுகிற பெரிய ஹைபிரிட் பெட்டரியைத் தவிர தனியாக ஒரு 12 வோல்ட் பெட்டரி உண்டு, டொயோட்டா அக்வாவில் பின் சீட்டுக்குக் கீழே. அது இறங்கினால் கார் மொத்தமாக உயிர் விட்டது போல நிற்கும். அந்த நேரத்தில் யாராவது வந்து 'ஹைபிரிட் பெட்டரி போச்சு' என்று லட்சக் கணக்கில் பேசினால், முதலில் இந்தச் சின்னதைச் சார்ஜ் போடச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் பில் இல்லாவிட்டாலும் ஒன்று இருந்தது. அப்பா எல்லாச் செலவையும் சீஆர் கொப்பியில் எழுதுகிறவர். அன்றைய பக்கத்தில் அவர்களுடைய போன் நம்பர், ஆட்டோ இலக்கம், 28,500, அதோடு அவர்களே வாய்விட்டு வாசித்த 11.8. பழைய பெட்டரியின் உண்மையான வொரண்டி கார்டும் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது, பெட்டரிதான் இல்லை. கராஜில் இருந்தோ கடையில் இருந்தோ யார் வந்து கழற்றினாலும் பழையதை அன்றைக்கே கொடுத்து அனுப்பாதீர்கள். கார்டை எடுத்துக்கொண்டு, வாங்கின கடையில் முதலில் காட்டுங்கள்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற நம்பருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் கடமை, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. முறைப்பாட்டை எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். கொப்பிப் பக்கத்தின் பிரதி, சுரண்டின மூடியின் படம், பாஸ் எழுதித் தந்த கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து அப்பா பதிவுத் தபாலில் போட்டுவிட்டார். அதைப் பெட்டரி மாட்டிவிட்டுப் போனவர்களுக்கும் சொன்னோம். உடனே போன் வந்தது: "சேர், அஞ்சாயிரம் தர்றோம், லெட்டரை வாபஸ் வாங்குங்க." முழுக்காசும் என் பழைய பெட்டரியும் வேண்டும் என்று அப்பா சொன்னதிலிருந்து அந்த நம்பர் வேலை செய்யவில்லை.

முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் பெயரையும் நம்பரையும் இங்கே போடவில்லை. நம்பர் மாறிவிட்டது, எப்படியும் பயன் இல்லை. அதே படம், அதே 'செக் பண்ண காசு இல்லை' வாசகத்தோடு இப்போது தலவாக்கலை, நானுஓயாப் பக்கம் விளம்பரம் ஓடுகிறது. போன் எடுத்ததும் காரின் மொடலைக் கேட்டு, பெட்டரியையும் கையோடு கொண்டு வருகிறோம் என்று சொன்னால், சார்ஜர் கொண்டு வருவீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.