மரத்தை மொட்டை அடித்துவிடலாம் என்று சொல்பவரிடம் கவனமாக இருங்கள்

எங்கள் வீட்டு வேப்பமரம் இப்போது இல்லை. 1986-ல் தாம்பரம் பக்கத்தில் இந்த வீட்டைக் கட்டியபோது அப்பா வைத்த கன்று அது. 2023 பிப்ரவரியில் அடியோடு எடுத்தோம். அந்த நிலைக்கு அதைக் கொண்டுவந்தது புயலும் இல்லை, வயதும் இல்லை. 2019 மே மாதம் 9,000 ரூபாய் கொடுத்து நான் செய்யச் சொன்ன வேலை. அதைச் செய்த ஆள் எங்கள் பகுதியில் இன்னமும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறார். அதனால்தான் எழுதுகிறேன்.

மரம் நன்றாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைக் கடந்த அன்று எங்கள் தெருவில் இரண்டு குல்மொஹரும், மஞ்சள் பூ பூக்கும் பெருங்கொன்றை ஒன்றும் வேரோடு சாய்ந்தன. எங்கள் வேம்பு கொஞ்சம் குச்சிகளையும் கை பருமனில் ஒரே ஒரு கிளையையும் உதிர்த்துவிட்டு அப்படியே நின்றது. அந்த ஒரு நாளே அதன் வேரும் தண்டும் எப்படிப்பட்டவை என்று சொல்லிவிட்டது.

பிறகு ஏன் கை வைத்தேன் என்றால், மரம் மாடியைத் தாண்டி வளர்ந்து பக்கத்து வீட்டு மொட்டைமாடி மேல் படர்ந்திருந்தது. மாசி, பங்குனியில் இலை கொட்டி அவர்களுடைய மழைநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும். அவர்கள் குறைப்பட்டது நியாயம்தான். அந்தப் பக்கத்துக் கிளைகள் இரண்டு மூன்றைக் குறைத்தால் போதும் என்று நினைத்து ஆளைக் கூப்பிட்டேன்.

வந்தவர் மரத்தைச் சுற்றிக்கூட வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடியே அண்ணாந்து பார்த்தார். "சார், ஒண்ணு ரெண்டு கிளை எடுத்தா வேலைக்கு ஆகாது. வெயிட்டெல்லாம் மேல இருக்கு, அடுத்த புயலுக்கு வீட்டு மேலதான் விழும். வேரும் அஸ்திவாரத்தைப் பிளந்துடும். மொட்டை அடிச்சு விட்டுடுங்க. வேம்புதானே, ஆறு மாசத்துல குடை மாதிரி தழைஞ்சிடும்" என்றார். அம்மா உள்ளேயிருந்து வந்து, "இப்பதான்ப்பா காய் பிடிச்சிருக்கு, வேண்டாமே" என்றார். "அம்மா, இது முடி வெட்டுற மாதிரிதான், வலிக்காது" என்று அவர் சிரித்தார். நான் சரி என்றேன்.

நான்கு பேர், அரை நாள் வேலை. இடுப்பில் கயிறில்லை, தலையில் ஹெல்மெட் இல்லை. ஐந்து பெரிய கிளைகளையும் தொடை பருமனாக இருந்த இடத்தில் குறுக்கே அறுத்துத் தள்ளினார்கள். மரத்தில் ஓர் இலை மிச்சமில்லை. வெட்டுவாயில் 'மருந்து' என்று கறுப்பாகத் தாரைப் பூசி அதற்குத் தனியாக 500 ரூபாய் வாங்கினார்கள். கட்டைகளைக் குட்டியானை வண்டியில் இரண்டு நடையாக ஏற்றிக்கொண்டு போனார்கள். "குப்பையை நாங்களே அப்புறப்படுத்திடறோம் சார்" என்றதும் நன்றி வேறு சொன்னேன். வேப்பங்கட்டைக்கு அறுவை மில்லிலும் விறகுக் கடையிலும் விலை உண்டு என்பது அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

அது எப்படிப்பட்ட கோடை என்று சென்னைக்காரர்களுக்கு மறந்திருக்காது. ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த வருடம். நிலத்தில் ஈரமே இல்லாத அந்த நேரத்தில், இலை என்கிற சமையலறையை முழுதாகப் பிடுங்கிவிட்டு மரத்தைப் பட்டினி போட்டிருக்கிறோம். அதுவரை நிழலிலேயே இருந்த மேல்பட்டை நேர் வெயிலில் வெந்து, மேற்குப் பக்கம் நீளமாக வெடித்தது. மாடி அறையில் மத்தியானம் உட்கார முடியவில்லை.

அவர் சொன்னபடி தழைக்கத்தான் செய்தது. ஒவ்வொரு வெட்டுவாயைச் சுற்றியும் இருபது, முப்பது போத்துகள், அதாவது புதுக்கிளைகள், துடைப்பம் மாதிரி கிளம்பின. இரண்டு வருடத்தில் பத்தடிக்கு மேல் போய்விட்டன. பார்க்கிறவர்கள் எல்லாம் மரம் பிழைத்துக்கொண்டது என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். உண்மையில் அது தண்டிலும் வேரிலும் சேர்த்துவைத்திருந்த மாவுச்சத்தை எல்லாம் செலவழித்து இலைக்காகத் தவித்த தவிப்பு.

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. இயற்கையாக வளரும் கிளை வருடா வருடம் தண்டோடு சேர்ந்து பருத்து, தண்டின் நாரும் கிளையின் நாரும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளும். மொட்டை அடித்த பிறகு வரும் போத்து பட்டைக்குக் கீழே தூங்கிக்கொண்டிருந்த மொட்டிலிருந்து வருவது. அது வெளி வளையத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். வேகமாக நீளும், கனக்கும், ஆனால் பிடிமானம் இருக்காது. அது ஒட்டியிருக்கும் கட்டையோ உள்ளுக்குள் மட்கிக்கொண்டே இருக்கும். அமெரிக்க வனத்துறையில் இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்காக அறுத்துப் பார்த்துச் சொன்னது இது: நம் தோல் போல மரத்தின் காயம் ஆறுவதில்லை, காயத்தைச் சுற்றி மரம் சுவர் எழுப்பிக்கொள்கிறது. சின்னக் காயத்தை மூடிவிடும். தொடை பருமனுக்குத் திறந்து கிடக்கும் வாயை மூட அதனால் ஆகாது. மேலே பூசும் தார் இதற்கு எந்த உதவியும் செய்யாது, ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும்.

2022 டிசம்பர் 9 நள்ளிரவில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. வர்தாவுக்கு அசையாத மரத்திலிருந்து அன்று இரண்டு பெரிய போத்துகள் அடியோடு பிய்ந்தன. ஒன்று எங்கள் சன்ஷேடை உடைத்தது. இன்னொன்று பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் விழுந்தது. அந்த நேரத்தில் மாடியில் யாரும் இல்லாதது எங்கள் பாக்கியம். தொட்டிக்கு நான் பணம் கொடுத்தேன்.

நான்காம் நாள் அதே ஆள், கூப்பிடாமலே வந்தார். "அப்பவே சொன்னேன்ல சார், இது வீட்டுக்கு ஆகாத மரம். உள்ள அரிச்சுப் போயிருக்கு, மொத்தமா எடுத்துடலாம்." கூலி 28,000 ரூபாய், கட்டை அவருக்கு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மொட்டை அடித்தால் மூன்று நான்கு வருடத்தில் திரும்பவும் கூப்பிட்டே ஆக வேண்டும். ஒவ்வொரு தடவையும் கூலியும் அவருக்கு, கட்டையும் அவருக்கு. கடைசியில் அடிமரமும் அவருக்கு.

அவரை அனுப்பிவிட்டு, மரங்களைப் பற்றித் தெரிந்த ஒரு நண்பரை அழைத்துவந்தேன். அவர் முதலில் கீழேதான் பார்த்தார். அடியில் காளான் இருக்கிறதா, மழைக்குப் பிறகு ஒரு பக்கம் மண் மேலெழும்பி வெடித்திருக்கிறதா, மரம் புதிதாகச் சாய்ந்திருக்கிறதா, காம்பவுண்டுக்கோ சாக்கடைக்கோ தோண்டியபோது ஒரு பக்க வேரை வெட்டினோமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எதுவும் இல்லை. மரச்சுத்தியலால் தட்டினார், அடித்தண்டு கெட்டியாகவே பேசியது. ஏணி வைத்து மேலே ஏறியதும் முகம் மாறிவிட்டது. ஐந்து கிளைகளும் பிரியும் கவட்டையில் கை உள்ளே போனது. வெட்டுவாயில் தொடங்கிய மட்கல் கவட்டை வரை இறங்கியிருந்தது, கூடவே கரையான். "அடி நல்லா இருக்குங்க. ஆனா வீட்டுக்கு மேல இருக்கிற கவட்டையே போயிடுச்சு. இனி வெச்சிருக்க வேண்டாம்" என்றார்.

எடுப்பதற்கு வேறு குழுவைப் பிடித்தேன். அவர்கள் கட்டையின் விலையைக் கழித்துக்கொண்டு 6,000 ரூபாய்தான் வாங்கினார்கள். அடிமரத்தை அறுத்தபோது உள்ளே சிவப்பாக, ஒரு பொத்தல்கூட இல்லாமல் இருந்தது. அம்மா பார்க்க வரவில்லை. வருடம் முழுக்க ரசத்துக்கு அந்த மரத்துப் பூதான் எங்கள் வீட்டில்.

வெட்டுவதா வைத்திருப்பதா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இது. நல்ல மரம் என்றால் முறையாகக் கவாத்து செய்யுங்கள். நீண்ட கிளையைக் குறைக்க வேண்டுமானால் அதிலிருந்து பிரியும் ஒரு பக்கக்கிளை வரைதான் வெட்ட வேண்டும். அந்தப் பக்கக்கிளை வெட்டும் இடத்தின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். ஒரே தடவையில் இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்கக்கூடாது. முழுக்கிளையை எடுப்பதானால், அது தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போல் வீங்கியிருக்கும் பகுதியைத் தொடாமல் அதற்கு வெளியே வெட்ட வேண்டும். கனமான கிளை என்றால் முதலில் கீழ்ப்பக்கம் கொஞ்சம் அறுத்துவிட்டுத்தான் மேலே அறுக்க வேண்டும், இல்லையென்றால் பட்டை உரிந்துகொண்டே இறங்கும். எங்கள் மரத்துக்கு இதுவே போதுமாக இருந்திருக்கும். ஒரு நாள் வேலை.

மரம் உண்மையிலேயே கெட்டிருந்தால் மொத்தமாக எடுத்துவிடுங்கள். அதற்கும் மொட்டை அடிப்பது பதில் இல்லை. வேர் பயம் என்றாலும் அப்படியே. மேலே வெட்டினால் கீழே வேர் சுருங்கிக்கொள்ளாது.

பேசும்போதே கட்டை யாருக்கு, அதன் விலை கூலியில் கழியுமா என்று கேட்டுவிடுங்கள். எந்தக் கிளை, எந்த இடத்தில் என்று சுண்ணாம்பால் குறி போட்டுக்கொடுங்கள். கயிறும் ஹெல்மெட்டும் இல்லாதவரை ஏற விடாதீர்கள். கேட்டுக்கு வெளியே ரோட்டில் நிற்கும் மரம் நம்முடையது அல்ல, அனுமதி இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

போன வாரம் அந்த ஆளின் பைக்கை எங்கள் தெருக்கோடி வீட்டு வாசலில் பார்த்தேன். அங்கே ஒரு பெரிய வாகை நிற்கிறது. அவர் கிளம்பிய பிறகு போய், என் போனில் இருந்த எங்கள் மரத்தின் படங்களை வரிசையாகக் காட்டினேன். அந்த வீட்டு அம்மா அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லையாம். ஞாயிற்றுக்கிழமை என் நண்பர் வந்து ஏறிப் பார்க்கிறார்.